உயிர் காக்கும் விஷம் தந்த சுப்பாராவ்

மஞ்சள் நிறமாக ஒரு மருந்து இருக்கிறது. சிறிய கண்ணாடிக் குப்பியில் வரும். ஊசியில் ஏற்றிப் போடுவார்கள். அதன் பெயர் மெதோட்ரெக்சேட்.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். கை கால் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கும் இதையே மிகச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோய்க்கும் இது மருந்து. சென்னையின் பெரிய ஆஸ்பத்திரி முதல் கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் வரை இதற்கு வேலை இருக்கிறது.

முறையாகப் போட்டால் இது உயிரைக் காக்கும். நாளோ அளவோ தவறினால் உயிரையே வாங்கும்.

இந்த மருந்து பிறந்த அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் யார்? நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காகப் பட்டத்தை இழந்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இந்த மருந்திடம் ஏன் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

காசிக்கு ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இப்போது ஆந்திரப் பிரதேசத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை ஜெகந்நாதம் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உடல்நலம் குன்றியதால் காலத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். தாயார் பெயர் வெங்கம்மா. குடும்பம் பெரிது. வருமானம் சிறிது.

சிறு வயதில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று எண்ணி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டார் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தார்கள். தாயார் விடவில்லை. படித்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார் சுப்பாராவ். மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். இதற்கிடையில் தந்தை காலமாகிவிட்டார். தாயார் தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். அந்தத் தாய் அன்று கழற்றிய நகைக்கு ஈடு, உலகம் இன்று அனுபவிக்கும் மருந்துகள் என்றால் மிகையாகாது.

கதர் உடையும் கைநழுவிய பட்டமும்

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த சுப்பாராவுக்குத் துறவியாகும் எண்ணம் வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் அனுமதியில்லாமல் மடத்திலும் சேர்க்கவில்லை. டாக்டருக்குப் படித்தால் ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

1919-ம் ஆண்டு அவருக்கும் சேஷகிரி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. மாமனாரும் படிப்புச் செலவில் கை கொடுத்தார்.

அது காந்திஜி அழைப்பு விடுத்த காலம். அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு அவர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். சுப்பாராவ் கல்லூரிக்கும் கதரிலேயே போனார். ஆபரேஷன் அறையில் அணியும் மேலங்கியும் கதர்தான். அறுவை சிகிச்சைத் துறையின் ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும், அறுவை சிகிச்சைப் பாடத்தில் சுப்பாராவ் தேறவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவிப் போயிற்று. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். என்ற பட்டம்தான் கிடைத்தது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நல்ல சர்க்கார் உத்தியோகம் தேட முடியாது.

வீட்டுக்குள் நுழைந்த எமன்

இதற்குள் குடும்பத்தில் பெரிய இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். குடல் உணவின் சத்தை உறிஞ்சாது. தீராத கழிச்சல் உண்டாகும். நாக்கு புண்ணாகும். இரத்தம் வற்றும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு உருகிப் போகும். சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இந்த நோய்க்குப் பலியானார்கள். டாக்டருக்குப் படித்தவர் வீட்டில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் அதற்கு மருந்து தெரியாது.

சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி ஆயுர்வேத முறைப்படி வைத்தியம் செய்தார். சுப்பாராவ் பிழைத்தார். பிறகு சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் இருந்தார். ஆனால் சகோதரர்களைக் கொன்ற நோயின் மூலகாரணம் என்ன என்ற கேள்வி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மேல்நாட்டுக்குப் போய் ஆராய்ச்சி செய்வது என்று முடிவு செய்தார். காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் தருமமும் மாமனாரும் பணம் கொடுத்து உதவினார்கள்.

1920-களின் தொடக்கத்தில் அவர் கப்பல் ஏறினார். மனைவியிடமும் தாயாரிடமும் விடை பெற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் அவர் திரும்பவே இல்லை. அவருடைய மகன் சிசுவாக இருக்கும்போதே இறந்துபோனான். அப்போது தந்தை கடலுக்கு அப்பால் இருந்தார்.

இரவில் கூலி, பகலில் ஆராய்ச்சி

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர் அந்த வேலையைச் செய்தார். அதில் அவர் வெட்கப்படவில்லை.

பகலில் சைரஸ் ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரைப் படித்தார்கள்.

1927-ல் தசையில் சக்தியைச் சேர்த்து வைக்கும் பொருள் ஒன்றைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நாம் நடப்பதும் மூச்சு விடுவதும் இருதயம் துடிப்பதும் அந்தப் பொருளின் சக்தியால்தான். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டுபிடித்தார். 1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஆனால் ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். விரைவில் அங்கே ஆராய்ச்சிப் பகுதிக்கே தலைவரானார்.

பம்பாயில் கிடைத்த துப்பு

சகோதரர்களைக் கொன்ற நோயை அவர் மறக்கவில்லை. இந்த இடத்தில் கதை சற்று நேரம் பம்பாய்க்குத் திரும்ப வேண்டும்.

பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலருக்கு இரத்தம் வற்றி வெளிறிப்போகும் நோய் இருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் அதை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற உணவைக் கொடுத்தார். வெளிறிய பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை வெளியிட்டார். அந்த உணவில் இருந்த மர்மப் பொருள் எது என்று அப்போது தெரியாது. ஈரலிலும் கீரையிலும் அதே பொருள் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1945-ல் அதை ஆராய்ச்சிக் கூடத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டிவிட்டார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கை கண்ட மருந்தாக இருந்தது. சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, உலகத்துக்குக் கிடைத்தது. இன்று நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதே ஃபோலிக் அமிலம்தான்.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை நம் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். டை எத்தில் கார்பமசின் என்று பெயர். அதுவும் சுப்பாராவின் கூடத்திலிருந்து 1947-ல் வந்ததே.

பூட்டில் சிக்கும் பொய்ச் சாவி

இப்போது மஞ்சள் மருந்துக்கு வருவோம்.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது? நம் உடம்பு கோடானுகோடி அணுக்களால் ஆனது. ஓர் அணு இரண்டாகப் பிரிந்துதான் புதிய அணு உண்டாகும். அப்படிப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் புதிய இரத்தம் ஊறாது.

புற்றுநோய் அணுக்கள் அடங்காமல் பெருகுபவை. அவற்றுக்கும் அதே சத்து வேண்டும். பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சேர்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக வளர்வது போலத் தோன்றியது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் நோய் அடங்கலாம் அல்லவா? சுப்பாராவின் கூடத்தார் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள்களைத் தயாரித்தார்கள்.

இதை நம் ஊர் வீட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் முகப்புக் கதவில் கனமான பூட்டு இருக்கும். அதன் சாவியைப் போலவே இன்னொரு பொய்ச் சாவி செய்து உள்ளே நுழைத்தால் என்ன ஆகும்? சாவி உள்ளே போகும். ஆனால் திரும்பாது. வெளியேயும் வராது. அது சிக்கிக்கொண்டிருக்கும் வரை உண்மையான சாவியையும் நுழைக்க முடியாது. கதவு அடைபட்டே கிடக்கும். இந்த மருந்து அப்படிப்பட்ட பொய்ச் சாவி. அணு இதைச் சத்து என்று நம்பி உள்ளே விடுகிறது. அதோடு அதன் பெருக்கம் நின்றுவிடுகிறது.

அமினோப்டெரின் என்ற மருந்தை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். சாவின் வாயிலில் இருந்த அந்தக் குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூன் மாதம் இது வெளியாயிற்று. மருத்துவ உலகம் வியந்தது. இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அடங்கும் என்று அதுவரை யாரும் நம்பவில்லை. ஆனால் தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. அமினோப்டெரினுக்கு அடுத்து வந்த தம்பிதான் மெதோட்ரெக்சேட். அண்ணனைவிட இதைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருந்ததால் இதுவே நிலைத்துவிட்டது.

இந்த வெற்றி வெளிவந்து சுமார் இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. இருதயம் நின்றுவிட்டது. தம் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. அதனால் அவர் பிறந்த நாட்டில்கூட நெடுநாள் பலருக்கு அவரைத் தெரியாமல் இருந்தது. நூற்றாண்டு விழாவை ஒட்டி 1995-ல் இந்தியத் தபால் இலாகா அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

மருந்தின் பின்கதை

1956-ல் அமெரிக்காவில் லி, ஹெர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள், கர்ப்பத்தை ஒட்டி வரும் ஒரு புற்றுநோயை மெதோட்ரெக்சேட் கொண்டே குணப்படுத்திக் காட்டினார்கள். இரத்தப் புற்றுநோய்க்கு வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கலானார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு வரும் முக்கியமான இரத்தப் புற்றுநோய் இன்று பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

நம் பக்கத்திலும் அதற்கு ஒரு வழிகாட்டி இருந்தார். கீழச்சிவல்பட்டிக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்னே படித்துத் தேறியவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துக்கம் ஒருவரை மருந்து தேட வைத்தது. மற்றொருவரை மருத்துவமனை கட்ட வைத்தது.

வாரம் ஒரே நாள்

பொய்ச் சாவிக்கு நல்லவன் வீடு, கெட்டவன் வீடு என்ற வித்தியாசம் தெரியாது. வேகமாகப் பெருகும் எந்த அணுவையும் அது தாக்கும். எலும்புக்குள்ளே இரத்தம் ஊறும் இடம், வாயின் உட்புறம், குடலின் உட்புறம், வயிற்றில் வளரும் சிசு, இவையெல்லாம் வேகமாகப் பெருகும் அணுக்களால் ஆனவை. மருந்தின் அளவும் இடைவெளியும் அதனால்தான் முக்கியம்.

மூட்டு நோய்க்கும் சொரியாசிசுக்கும் இந்த மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. மூட்டு நோய்க்கு வழக்கமாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். இடையிலுள்ள ஆறு நாளில் நல்ல அணுக்கள் மூச்சு விட்டுத் தேறிக்கொள்கின்றன. தினமும் கொடுத்தால் அவை தேற நேரம் இல்லை. இரத்தம் ஊறுவது நிற்கும். வாயெல்லாம் புண்ணாகும். சாதாரணக் கிருமியும் ஆளைக் கொன்றுவிடும். வாரம் ஒரு முறை என்பதைத் தினம் ஒரு முறை என்று தவறாக எடுத்துக்கொண்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கிறது.

ஆகவே டாக்டரிடம் எந்தக் கிழமை என்று கேட்டு, அந்தக் கிழமையின் பெயரையே சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு தினசரிக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். இன்று வலி அதிகமாக இருக்கிறதே என்று கூட ஒரு ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடவும் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

அளவிலும் கண் வேண்டும். ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்தில் குப்பிகளில் வருகிறது. போன மாதம் அரைக் குப்பி என்பதால் இந்த மாதமும் அரைக் குப்பி என்று முடிவு செய்யக் கூடாது. கடையில் வேறு குப்பி கொடுத்தால், எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லி என்று ஊசி போடுபவர் படித்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் ஊசிக் குழாயின் கோடுகள் வேறு கணக்கு. அதில் இதை அளப்பது ஆபத்து.

டாக்டர்கள் இந்த மருந்தோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவது உண்டு. சுப்பாராவ் கண்ட சத்தே, அவர் கூடத்தில் பிறந்த விஷத்தின் கடுமையைத் தணிக்கிறது. இரண்டும் மஞ்சள் மாத்திரையாகவே இருக்கக்கூடும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி விழுங்கிவிடாமல் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

பின்கட்டு வாசல்

அளவு தவறிப் போய்விட்டால் என்ன செய்வது? உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குப்பியையும் சீட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

அங்கே ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று இருக்கும் அல்லவா? முகப்புப் பூட்டில் பொய்ச் சாவி சிக்கியிருந்தாலும், ஃபோலினிக் அமிலம் பின்கட்டு வழியாக அணுவுக்குள் சத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வீட்டிலுள்ள சாதாரண ஃபோலிக் அமில மாத்திரையோ முகப்பு வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் அளவு மீறியபோது அது காப்பாற்றாது. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஏமாறக் கூடாது. மாற்று மருந்தும் சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். சில புற்றுநோய்களுக்கு டாக்டர்கள் வேண்டுமென்றே இதைக் கிராம் கணக்கில் ஏற்றி, பிறகு நேரம் பார்த்து இந்த மாற்று மருந்தால் மீட்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்யத் தக்கது.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்? வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், கறுத்த மலம், காரணமில்லாத இரத்தக் கசிவு, கண்ணில் மஞ்சள், தீராத வாந்தி அல்லது கழிச்சல். இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். டாக்டர் சொன்ன தேதியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அதற்காகத்தான். வலி மாத்திரையையோ கிருமி மாத்திரையையோ கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. கிருமி மருந்துகளில் டிரைமெத்தோபிரிம் கலந்தவை இதனோடு சேர்ந்தால் இரத்தம் ஊறுவதையே கெடுக்கும். மதுவும் கூடாது. ஈரல் கெட்டுப்போகும்.

தொடுபவர்களுக்கும் பாதுகாப்பு

மருந்து போட்டுக்கொள்பவருக்குத்தானே கவலை, மற்றவர்களுக்கு என்ன என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1979-ல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள், புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுத்த நர்சுகளின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். அணுவின் மரபுப் பொருளை மாற்றக்கூடிய வஸ்துக்கள் அதில் இருந்ததற்கு அடையாளம் கண்டார்கள். அதன் பிறகுதான் கையுறை, மேலங்கி, காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் கண்ணாடிப் பெட்டி முதலிய ஏற்பாடுகள் நல்ல ஆஸ்பத்திரிகளில் வழக்கத்துக்கு வந்தன.

புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இந்த மருந்தை முதுகுத்தண்டு நீரிலும் செலுத்துவார்கள். மூளைக்குள் நோய் ஒளிந்துகொள்ளாமல் தடுப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்கென்று, கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேராத தனிக் குப்பி உண்டு. அதே குழந்தைக்கு வின்கிரிஸ்டின் என்ற வேறு ஊசியும் கொடுப்பார்கள். அது இரத்தக் குழாயில் மட்டுமே போடத் தக்கது. ஊசிக் குழாய் மாறி அது முதுகுத்தண்டில் போனால் பிழைப்பது அரிது. ஆகவே வின்கிரிஸ்டினை ஊசிக் குழாயில் வைக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் எச்சரிக்கை விடுத்தது. எந்த மருந்து, எந்த வழி என்று பெற்றோர் கேட்டால் நல்ல நர்சு கோபிக்க மாட்டார்.

வீட்டில் ஊசி போடுவதானால், டாக்டரோ நர்சோ கற்றுக்கொடுத்த பிறகே போட வேண்டும். வெளிச்சம் படாத, சூடில்லாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் மருந்தை வையுங்கள். சாப்பாட்டுச் சாமான் உள்ள இடத்தில் ஊசியில் ஏற்றாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் இந்த மருந்தைத் தொடவே வேண்டாம். கர்ப்பத்தில் இது சிசுவைக் கெடுக்கும். ஆகவே மருந்து சாப்பிடும் பெண்ணும், ஆணும்கூட, பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து தோலில் பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். தரையில் சிந்தினால் கையுறையோடு பழந்துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, துணியைத் தனிப் பையில் கட்டிவிடுங்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போட முயலாதீர்கள். துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, மருந்து கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவு வேலை செய்பவரின் கையில் குத்தும். குப்பைமேட்டில் விளையாடும் பிள்ளையையும் குத்தும்.

ஊசி போட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் வரை நோயாளியின் மலஜலத்திலும் வாந்தியிலும் மருந்து இருக்கக்கூடும். அதிக அளவு மருந்து ஏற்றியிருந்தால் எத்தனை நாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கான துணியைத் தனியே துவைக்க வேண்டும். கக்கூசில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும்.

இதைக் கேட்டு நோயாளியை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காரலாம். ஒன்றாகச் சாப்பிடலாம். பேரப் பிள்ளை ஆச்சியின் மடியில் படுக்கலாம். புற்றுநோய் தொற்றாது. மூட்டு நோயும் தொற்றாது. பயப்பட வேண்டியது சிந்திய மருந்துக்கும் கழிவுக்கும்தான்.

சுப்பாராவ் நோயாளிகளின் மலஜலப் பாத்திரத்தைக் கழுவிப் படித்தவர். அந்த வேலையைச் செய்பவரின் கைக்கு மதிப்புத் தருவதும், அந்தக் கைக்கு ஒரு ஜோடி உறை வாங்கித் தருவதும் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அவர் கூடத்தில் பிறந்த மருந்து பல லட்சம் பேரை வாழ வைத்திருக்கிறது. நம் வீட்டிலும் அது வாழ வைக்க வேண்டுமானால், போடும் நாள் வாரத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.